டூலா வேலை: மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வரலாமா?

கேள்வி, 3 ஜூன் 2024

"அக்கா, எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கையில் 38,000 வருகிறது. என் இரண்டாவது பிரசவத்தில் ஒரு டூலா, அதாவது பிரசவ வலியில் கூடவே இருக்கும் துணைப் பெண், என்னோடு இருந்தார். அன்றிலிருந்து எனக்கும் இந்த வேலைதான் என்று மனசு சொல்கிறது. பயிற்சிக்குப் பணம் சேர்த்துவிட்டேன். மாதம் நான்கு பிரசவம் எடுத்தால் இப்போதைய சம்பளத்தைவிட அதிகம் வரும் போலிருக்கிறதே, வேலையை விட்டுவிடலாமா?"

3 ஜூன், இரவு 9:50

இப்போதைக்கு விடாதீர்கள். காரணத்தை ஒரே மூச்சில் எழுத முடியாது. இன்றைக்குக் கொஞ்சம், மீதி நாளைக்கு.

முதலில் ஒரு சொல். "பிரசவம் எடுத்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் பிரசவம் எடுப்பதில்லை, தங்கச்சி. எடுப்பது டாக்டரும் நர்ஸும். நாம் உள்பரிசோதனை செய்வதில்லை, பி.பி. பார்ப்பதில்லை, மாத்திரை ஊசி பற்றி வாயே திறப்பதில்லை. வலி தொடங்கியதிலிருந்து குழந்தை அம்மாவின் மார்பில் கிடக்கும்வரை அவளை விட்டு நகராமல் இருப்பதுதான் நம் வேலை. ஒரு வீட்டில் பாட்டி என்னை எல்லோரிடமும் "பிரசவம் பாக்குற அம்மா" என்று சொல்லிவைத்தார். அந்தப் பேச்சு ஆஸ்பத்திரிவரை போய், டியூட்டி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து எது செய்வேன், எது செய்யமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி, முதல் சந்திப்பிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

மாதம் நான்கு என்பதும் நடக்காது. கோயம்புத்தூரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மாதம் மூன்று பார்ப்பேன், அதுவே உடம்புக்கு ஏற்பதில்லை.

4 ஜூன், காலை 6:15

ஏன் நான்கு நடக்காது என்பது.

டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதியில் நூற்றில் ஐந்து குழந்தைகள்கூடப் பிறப்பதில்லை. 38 வாரம் முடிந்ததும் என் போன் சத்தமாகத்தான் இருக்கும். 42 வரை அப்படியே. ஒரு பெண்ணுக்கு நான்கு வாரம். அந்த நான்கு வாரமும் ஊரைத் தாண்டமாட்டேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மதுரை கிடையாது, கிருத்திகைக்குப் பழனிகூடக் கிடையாது. குளிக்கும்போது போன் பாத்ரூம் ஜன்னலில் இருக்கும். நான்கு பெண்களை ஒப்புக்கொண்டால் நான்கு நான்கு வாரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். இரண்டு பேருக்கு ஒரே இரவில் வலி வரும். எனக்கு வந்திருக்கிறது. ஒருத்தி சிங்காநல்லூரில், இன்னொருத்தி வடவள்ளியில். ஊரின் இரண்டு மூலை. வடவள்ளிக்கு என் தோழியை அனுப்பினேன். எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆனால் ஏழு மாதமாக என் முகத்தைப் பார்த்துப் பழகிய அந்தப் பெண், கதவைத் திறந்தபோது வேறு முகத்தைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். அந்தப் "பரவால்ல" இன்னும் காதில் இருக்கிறது.

மக்கள் நமக்குப் பணம் தருவது கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பத்துப் பதினான்கு மணி நேரத்துக்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் வாங்குவது நம் காத்திருப்பை. அதற்கு விலை போடத் தெரியாதவர்கள் இரண்டே வருடத்தில் இந்த வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். நிறைய நல்ல பெண்கள் அப்படிப் போயிருக்கிறார்கள்.

4 ஜூன், மாலை

திருத்தம். மாதம் மூன்று பார்ப்பேன் என்று நேற்று எழுதினேன். நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். போன வருடம் முழுக்க மொத்தம் 19. மாதத்துக்கு இரண்டுகூடத் தேறவில்லை. ஏப்ரலில் ஒன்றுமே இல்லை, அக்டோபரில் நான்கு. அந்த அக்டோபர்தான் மனதில் நின்று "மூன்று" என்று எழுத வைத்துவிட்டது.

6 ஜூன்

கணக்கைப் போட்டுவிடுகிறேன். யாரும் வெளிப்படையாகச் சொல்லாததால்தான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள்.

ஒரு பிரசவத்துக்கு இப்போது 28,000 வாங்குகிறேன். அதில் பிரசவத்துக்கு முன் மூன்று சந்திப்பு, நான்கு வாரக் காத்திருப்பு, பிரசவம் முழுவதும், பிறகு வீட்டில் இரண்டு சந்திப்பு. போன வருடத்து 19இல் முழுத் தொகை தந்தவர்கள் 14 பேர், அது 3,92,000. மூன்று பேருக்குப் பாதித் தொகை, 42,000. இரண்டு பேருக்கு வாங்கவில்லை. ஆக 4,34,000.

தம்பதிகளுக்கான பிரசவ வகுப்பு ஆறு வாரம் நடத்துகிறேன். ஒரு ஜோடிக்கு 4,500. ஐந்து தடவையில் 30 ஜோடி, 1,35,000. பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுக்க உதவி, குழந்தையைக் குளிப்பாட்டிக் காட்டுவது என்று வீட்டுக்குப் போனது 60 தடவை, தடவைக்கு 1,000. எல்லாம் சேர்த்து 6,29,000.

செலவு: எனக்குப் பதிலாக நிற்கும் தோழிக்கு 32,000. ராத்திரி ஆட்டோ, பெட்ரோல் 28,000. வகுப்புக்கு ஹால் வாடகை 15,000. போன், வலியில் உட்கார்ந்து ஆடும் பெரிய பந்து, சில்லறை 10,000. போனது போக 5,44,000. மாதம் 45,300.

உங்கள் 38,000ஐவிட அதிகம்தான். ஆனால் இது ஒன்பதாம் வருடக் கணக்கு. பயிற்சி முடித்த முதல் வருடம் நான்கு பிரசவம், இரண்டு இலவசம், இரண்டுக்குத் தலா 5,000. முதல் மூன்று வருடம் எங்கள் வீடு நடந்தது என் கணவரின் சம்பளத்தில். இதைச் சொல்லாமல் "மனசு சொல்வதைக் கேளுங்கள்" என்று உங்களுக்கு எழுதினால் அது பாவம்.

இன்னொன்று. பிரசவத்திலிருந்து வந்த பணத்தை மட்டும் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்குதான். வகுப்பும் வீட்டுச் சந்திப்பும் இல்லாவிட்டால் ஏப்ரல் மாதம் அடுப்பு எரிந்திருக்காது.

6 ஜூன், பிறகு

பணம் எப்போது வாங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளும் அன்று பாதி, 36ஆம் வாரத்தில் மீதி. பிரசவத்துக்குப் பிறகு என்று ஒரு ரூபாய்கூட வைக்காதீர்கள். குழந்தை வந்த வீட்டில் ஆயிரம் செலவு, நம் ஞாபகம் வராது. கேட்கவும் நமக்கு வாய் வராது.

7 ஜூன்

"நம் பாட்டிகள் இதையெல்லாம் காசுக்கா செய்தார்கள்? பெண்ணுக்குப் பெண் செய்கிற உதவிக்கு ரேட் போடுவது சரியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபமில்லாமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

பாட்டி தன் மகளுக்கும் பேத்திக்கும் செய்தாள். ஊருக்கெல்லாம் செய்தவள் மருத்துவச்சி. அவளுக்குக் கூலி உண்டு. நெல், சேலை, தலைக்கு எண்ணெய், வெற்றிலை பாக்கில் வைத்த காசு. பல ஊர்களில் சவரத் தொழில் செய்த குடும்பத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். நள்ளிரவில் கூப்பிட்டால் மழையில் நனைந்துகொண்டு வருவாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில்தான் விழுந்தார்கள். காரியம் முடிந்ததும் அவளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினார்கள், கூலியையும் இரக்கப்பட்டுக் கொடுப்பது போலக் கொடுத்தார்கள். அவள் இலவசமாகச் செய்தாள் என்பது நாம் நமக்கு வசதியாகச் சொல்லிக்கொள்வது. நான் 28,000 என்று நிமிர்ந்து சொல்லும்போது அவளையும் நினைத்துக்கொள்வேன்.

டூலா என்ற சொல்லே கிரேக்கத்தில் பணிப்பெண், அடிமைப்பெண் என்ற பொருளில் வந்தது. டானா ரஃபேல் என்ற மானுடவியலாளர் 1973இல் தாய்ப்பால் பற்றிய புத்தகத்தில் எடுத்தாண்டு பரவியது. எனக்கு இந்தச் சொல் பிடிக்காது. வீடுகளில் பிரசவத் துணை என்றே சொல்கிறேன். விசிட்டிங் கார்டில் டூலா என்று போடாவிட்டால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் போட்டிருக்கிறேன்.

9 ஜூன், ஞாயிறு

ஆஸ்பத்திரிக் கதவு. இதைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

இந்தியாவில் டூலாவுக்கு லைசென்ஸ் கொடுக்கும் கவுன்சில் எதுவும் இல்லை. நம் கையில் இருப்பது தனியார் பயிற்சிச் சான்றிதழ் மட்டும். அதைக் காட்டி உரிமையாக எந்த லேபர் வார்டுக்குள்ளும் நுழைய முடியாது. ஒவ்வொரு டாக்டரிடமும் முன்கூட்டியே நேரம் கேட்டுப் போய்ப் பேச வேண்டும். ஆறாம் மாதத்திலேயே அந்தப் பெண் தன் டாக்டரிடம் "பிரசவ நேரத்தில் இவர் என்னோடு இருக்கலாமா" என்று கேட்டுவிட வேண்டும். ஒரு முறை டாக்டர் சரி என்று சொல்லியிருந்தார், ராத்திரி டியூட்டியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆறு மணி நேரம் கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் டாக்டரின் அனுமதியைக் கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் நம்மை விடவே மாட்டார்கள்.

9 ஜூன், இரவு

மேலே கடைசி வரியைப் பொறுப்பில்லாமல் எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, திருத்துகிறேன்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ நேரத்தில் கூட ஒரு பெண் இருக்கலாம் என்று 2004லேயே திட்டம் கொண்டுவந்தார்கள். மத்திய அரசு 2016இல்தான் அதைச் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல், பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை அவளோடு இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆக, துணைக்குத் தடை இல்லை. ஆனால் உள்ளே ஒருவருக்குத்தான் இடம். அது குடும்பத்துப் பெண்ணாக, பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அம்மாவை வெளியே நிறுத்திவிட்டுக் காசு கொடுத்துக் கூட்டிவந்த என்னை எந்த மகள் உள்ளே அழைப்பாள்? அழைக்கவும் கூடாது.

இது புரிய எனக்கு ஐந்து வருடம் ஆனது. புரிந்ததும் ஒன்று செய்தேன். உள்ளே போகப்போகும் அந்த அம்மாக்களுக்கு, மாமியார்களுக்கு, அக்காக்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு. 300 ரூபாய். இடுப்பில் எங்கே அழுத்துவது, வலி வரும்போது "கத்தாதே" என்று ஏன் சொல்லக்கூடாது, எந்தப் பக்கம் படுக்க வைப்பது, தண்ணீர் எப்போது கொடுப்பது. முதல் வகுப்பில் ஓர் அம்மா கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு மூணு பொறந்துச்சு. ஒருத்தர் கூட என் கையப் புடிக்கல" என்று சொன்னார். ஹாலில் அப்புறம் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இந்த வகுப்பில் வரும் காசு டீக்கும் முறுக்குக்கும் சரியாகப் போகும், அதனால்தான் கணக்கில் சேர்க்கவில்லை. உன் பிழைப்பை நீயே கெடுத்துக்கொள்கிறாய் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். இதுவரை கெடவில்லை. அந்த அம்மாக்கள் சொல்லித்தான் பாதிப் பேர் என்னைத் தேடி வருகிறார்கள்.

10 ஜூன்

"சுகப்பிரசவத்துக்கு கேரண்டி தருவீர்களா?" எனக்கு வரும் போனில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். தராதீர்கள். விளம்பரத்தில் அந்த வாடையே வரக்கூடாது.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் நூற்றுக்கு 64 சிசேரியன். பயந்துபோய்த்தான் நம்மிடம் வருகிறார்கள். தொடர்ந்து கூட ஒருவர் இருந்தால் பலன் உண்டா என்று 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, 15,000க்கு மேற்பட்ட பெண்களை, சேர்த்துப் பார்த்து 2017இல் காக்ரேன் தொகுப்பு வந்தது (காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அமைப்பு). துணை இருந்த பெண்களில் சிசேரியன் ஏறக்குறைய கால் பங்கு குறைவு, வலி நேரமும் கொஞ்சம் குறைவு. வலுவான சான்றுதான். ஆனால் அது ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் "உனக்கு நார்மல்தான்" என்று சொல்ல அதில் இடமில்லை.

நான்காம் வருடம் ஒரு பெண்ணுக்குக் குழந்தையின் துடிப்பு இறங்கி அவசர சிசேரியன். சரியான முடிவு. தாயும் பிள்ளையும் நலம். மூன்றாம் நாள் மாமனார் போன் செய்து, "ஆபரேஷன்தான் ஆச்சே, பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்றார். பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் வருத்தம், பணத்துக்காக அல்ல. திருப்பிக் கொடுத்ததன் மூலம் அவர் சொன்னதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மருமகளின் பிரசவம் தோற்றுப்போன பிரசவம் என்று நானும் சேர்ந்து சொல்லிவிட்டேன். அறுவை மேசையில் மயக்கமருந்து போடும்போது அவள் என்னைத்தான் கேட்டாள் என்று பிறகு நர்ஸ் சொன்னார்.

11 ஜூன்

சிறு திருத்தம், கணக்கில். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 18,000 விட்டுப்போனது. மாதம் 45,300 இல்லை, 43,800. உங்களுக்குக் கம்பெனி போடும் பி.எஃப்., சம்பளத்தோடு வரும் லீவு, வருடா வருடம் ஏறும் கிராஜுவிட்டி இதெல்லாம் எனக்குக் கிடையாது. இவற்றையும் வைத்துப் பார்த்தால் உங்கள் 38,000க்கும் என் 43,800க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

13 ஜூன், மதியம்

இரண்டு நாளாகக் காணோமே என்று கேட்டவர்களுக்கு: பிரசவத்தில் இருந்தேன். 19 மணி நேரம். தூங்கி எழுந்து எழுதுகிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

தலைப்பிரசவம். குழந்தையின் முதுகு அம்மாவின் முதுகுப் பக்கம் திரும்பியிருந்ததால் வலி முழுக்கப் பின்னிடுப்பில். ஒவ்வொரு வலிக்கும் உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்புக்குழியில் வைத்து, என் உடம்பு கனம் முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். "இன்னும் கீழ. இன்னும். அங்கதான்." ஒரு நிமிடம் அழுத்தம், மூன்று நிமிடம் ஓய்வு, மறுபடி. அவள் கணவர் நானும் செய்கிறேன் என்று வந்தார். வலிக்குமோ என்று பயந்து பயந்து தொட்டார், அவள் கத்திவிட்டாள். அவர் கையை வைக்கச் சொல்லி அதன்மேல் என் கையை வைத்து அழுத்தினேன். இவ்வளவு பலமாகவா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு விடியும்வரை நாங்கள் மாற்றி மாற்றிச் செய்தோம்.

கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருந்தபோது அவள், "என்னால முடியாதுக்கா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று இறங்கிக் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். நிஜமாகவே தேடினாள். இந்த நேரத்தில் "முடியும், முடியும்" என்று சொன்னால் காதில் ஏறாது. குனிந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டேன். நர்ஸைப் பார்த்தேன், நடக்கட்டும் என்று தலையசைத்தார். வராந்தாவின் கடைசிவரை நடந்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கே இரண்டு வலி. கீழே ரோட்டில் ஒரு பால் வண்டி போனது. திரும்பி வரும்போது அவள் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. பரிசோதித்தபோது ஒன்பது. ஐந்தேகாலுக்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ.

நான்கு வருடத்துக்கு முன்னால் என்றால் செருப்பைப் பிடுங்கி வைத்திருப்பேன்.

இன்று வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. 45 வயது ஆகிறது. இன்னும் பத்து வருடம் இந்தக் கை தாங்குமா என்பதும் சம்பாத்தியக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

14 ஜூன்

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அங்கே 2023 ஜனவரியிலிருந்து வருமானம் குறைந்தவர்களுக்கான மெடி-கால் காப்பீட்டிலேயே டூலா செலவு சேர்ந்துவிட்டது. கேட்கவே மனசு நிறைகிறது. இங்கே இரண்டு பேருக்கு இலவசமாகச் செய்துவிட்டு மூன்றாமவருக்கு முடியாது என்று சொல்லும்போது தொண்டை அடைக்கும். அந்த மூன்றாமவளுக்கு அரசு தந்தால் போதும்.

அங்கே தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் அம்மா விசா கிடைக்காமல் தனியாகப் பெற்றுக்கொள்கிறார்கள், வலியில் தமிழ் பேசும் ஒருத்தி தேவைப்படுகிறாள் என்றும் எழுதியிருக்கிறார். நம்புகிறேன். வலி ஏற ஏற இங்கிலீஷ் போய்விடும். இங்கேயே பார்த்திருக்கிறேன், ஐ.டி.யில் மேனேஜராக இருப்பவள் எட்டு சென்டிமீட்டரில் "ஆத்தா" என்றுதான் கூப்பிடுவாள்.

ஜாதகத்துக்காக நல்ல நேரம் பார்த்துப் பிரசவத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்களா என்று கேட்டவருக்கு: ஆமாம், நடக்கிறது. ஒரு தாத்தா வராந்தாவில் பஞ்சாங்கத்தோடு நின்றுகொண்டு "ராகு காலம் முடிய இன்னும் இருபது நிமிஷம், கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்மா" என்றார். பேத்தி பொறுக்கவில்லை. கையில் வாங்கியதும் அவர் பஞ்சாங்கத்தை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை, கடைசியில் ஆயாம்மாதான் தேடிக் கொடுத்தார்.

17 ஜூன்

முதலில் கேட்ட திருப்பூர்த் தங்கச்சி மறுபடி எழுதியிருக்கிறார். கணக்கெல்லாம் படித்தேன், ஆனாலும் ஆசை போகவில்லை என்கிறார். குழந்தைகளுக்கு ஆறு வயது, இரண்டு வயது. கணவருக்கு நைட் ஷிஃப்ட் உண்டு.

சரி. ஆசை போகாதது நல்லதுதான். இப்படிச் செய்யுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே வார இறுதிப் பயிற்சியில் சேருங்கள். முதல் வருடம் பிரசவமே ஒப்புக்கொள்ள வேண்டாம், வீட்டுக்குப் போய்த் தாய்ப்பால் உதவி மட்டும் செய்யுங்கள். அதற்கு நேரம் நாம் சொல்வதுதான், ஞாயிற்றுக்கிழமையே போதும். திருப்பூரில் உங்கள் கம்பெனியிலேயே எத்தனை பெண்கள் பிரசவ லீவில் போகிறார்கள், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். இரண்டாம் வருடம் எனக்குப் பதில் நிற்கும் ஆளாக இரண்டு மூன்று பிரசவத்துக்கு வாருங்கள், தோழிக்குத் தருவதையே உங்களுக்கும் தருகிறேன். ஆறு மாத வீட்டுச் செலவு பாங்கில் தனியாக இருக்கும் அன்று ராஜினாமாவைப் பற்றிப் பேசுவோம். தூரத்தில் யாரையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் இடம் மட்டும்.

ஜூலை 20, சனிக்கிழமை, அம்மாக்களுக்கான வகுப்பு இருக்கிறது. வந்து பின்னால் உட்காருங்கள், காசு வேண்டாம். அதற்கு முன் வீட்டில் ஒன்றே ஒன்று பேசி முடித்துவிட்டு வாருங்கள்: கணவர் நைட் ஷிஃப்டில் இருக்கும்போது ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்குப் போன் வந்தால், சின்னவன் யாரிடம் படுப்பான்? அத்தையா, அம்மாவா, பக்கத்து வீட்டு அக்காவா, யாராக இருந்தாலும் அவர் வாயாலேயே சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.